எல்லாம் முடிவான பிறகு எழுதப்படும் கதை

பெரும் பொருட்செலவில் எடுத்த படத்தைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் இன்று அதிகமாகச் சொல்லும் குறை, படத்தில் கதையே இல்லை என்பதுதான். குறை நியாயமானது, சொல்லப்படும் விதம்தான் துல்லியமாக இல்லை. இத்தகைய படங்களில் கதைக்குப் பஞ்சம் கிடையாது. தலைமுறைகளைத் தாண்டும் பகை, உலகத்தையே அழிக்கவல்ல ஏதோவொரு பொருள், இரண்டு மூன்று காலகட்டங்கள், பெயர் நினைவில் நில்லாத அளவுக்குப் பாத்திரங்கள் என்று கதைச்சுருக்கம் எழுத உட்கார்ந்தால் பக்கம் போதாது. குறைந்துபோயிருப்பது கதைசொல்லல். ஒரு நிகழ்ச்சியிலிருந்து அடுத்த நிகழ்ச்சி பிறப்பது, ஒரு பாத்திரம் எடுத்த முடிவுக்கு அந்தப் பாத்திரமே விலை கொடுப்பது, முன்பாதியில் சாதாரணமாகத் தெரிந்த ஒன்று பின்பாதியில் கனம் பெறுவது ஆகியவை அதன் அடிப்படை வேலைகள். இவை நடக்காதபோது எத்தனை சம்பவங்களைக் கொட்டினாலும் பார்வையாளருக்கு மிஞ்சுவது வந்துபோகும் காட்சிகளின் வரிசைதான். படத்தின் நடுவிலிருந்து பத்து நிமிடத்தை உருவி எடுத்தாலும் எதுவும் குலையவில்லை என்றால், அந்தப் பத்து நிமிடத்தில் கதை சொல்லப்படவில்லை என்று பொருள்.

இந்தச் சரிவுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணங்கள் மூன்று. ரசிகர்களுக்குப் பொறுமை போய்விட்டது. நல்ல எழுத்தாளர்கள் இல்லை. கணினி வரைகலை வந்து எல்லாவற்றையும் கெடுத்துவிட்டது. மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு, மூன்றும் போதாதவை. எட்டு மணி நேரத் தொடரை ஒரே மூச்சில் பார்த்து முடிப்பவர்களும் இதே ரசிகர்கள்தாம். அதே ஆண்டில், அதே மொழியில், சிறிய செலவில் வரும் படங்களில் செறிவாக எழுதப்பட்டவை இருக்கின்றன. வரைகலையைக் கொண்டே அருமையாகக் கதை சொன்ன படங்களும் உண்டு. ஆகவே காரணத்தைத் தயாரிப்பின் உள்ளே, முடிவுகள் எடுக்கப்படும் முறையில் தேட வேண்டியிருக்கிறது. பெரிய படத்தில் வெளியீட்டுத் தேதி, நட்சத்திரம், விற்றுவிட்ட உரிமைகள், பிரம்மாண்டக் காட்சிகள் எல்லாம் முன்கூட்டியே இறுகிவிடுகின்றன. இறுகாமல் எஞ்சுவது கதை ஒன்றுதான். செட்டை மாற்றினால் கோடிகள் போகும். தேதியை மாற்றினால் வட்டி ஏறும். காகிதத்தில் இருக்கும் காட்சியை மாற்றுவதற்கு ஓர் இரவு போதும். எனவே எந்தச் சிக்கல் வந்தாலும் வளைக்கப்படுவது கதை. தயாரிப்பிலேயே மிக மலிவாக மாற்றக்கூடிய பொருளாகக் கதை ஆகிவிட்டதுதான் சரிவின் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இந்த வாதத்தைச் சோதிக்க, கோடைகால பிரம்மாண்டப் படங்களின் தொடக்கம் என்று எல்லோரும் கைகாட்டும் ‘ஜாஸ்’ படத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் இயக்கிய அந்தப் படம் 1975 ஜூனில் ஒரே நேரத்தில் 400க்கும் மேற்பட்ட திரையரங்குகளில், தொலைக்காட்சி விளம்பர வெள்ளத்தோடு வெளியானது. பின்னால் வந்த எல்லா வணிக உத்திகளுக்கும் அதுவே முன்மாதிரி. ஆனால் அது உருவான விதம் வேறு. படப்பிடிப்பு தொடங்கியபோது திரைக்கதை முடிந்திருக்கவில்லை. கார்ல் காட்லீப் படப்பிடிப்புத் தளத்திலேயே இருந்து எழுதிக்கொண்டிருந்தார். நிஜக் கடலில் இறக்கிய இயந்திரச் சுறா உப்புநீரில் திரும்பத் திரும்பப் பழுதானது. 55 நாள் என்று திட்டமிட்டது 159 நாளானது. 40 லட்சம் டாலர் செலவு 90 லட்சத்தை எட்டியது. சுறா இயங்காதபோது ஸ்பீல்பெர்க் செய்தது, சுறாவைக் காட்டாமல் கதை சொன்னது. நீரில் இழுபடும் மஞ்சள் பீப்பாய்களும் பாதி உடைந்த படகுத்துறையும் இசையும் சுறாவின் இடத்தைப் பிடித்தன. படத்தில் ஒரு மணி நேரத்துக்கும் மேல் கடந்த பிறகே அது முழுமையாகத் தலைகாட்டுகிறது. அதற்குள் கடலைக் கண்டு அஞ்சும் ஒரு காவல் அதிகாரி, பருவகால வருமானத்துக்காகக் கடற்கரையை மூட மறுக்கும் மேயர், இறந்த சிறுவனின் தாய் ஆகியோர் வழியே பயம் வேரூன்றிவிடுகிறது. காட்சிக்கும் கதைக்கும் மோதல் வந்தபோது அங்கே வளைந்தது காட்சி.

முழுத் திரைக்கதை கையில் இருந்தால்தான் நல்ல படம் வரும் என்ற எளிய முடிவுக்கு இந்த உதாரணம் இடம் தரவில்லை. நம் ஊரிலும் இதற்குச் சான்று இருக்கிறது. 1948இல் எஸ். எஸ். வாசன் வெளியிட்ட ‘சந்திரலேகா’, அக்காலத்தில் 30 லட்சம் ரூபாய் செலவானதாகச் சொல்லப்பட்ட படம். தமிழில் வெற்றி பெற்று, அதே ஆண்டில் இந்தியிலும் நாடெங்கும் வெளியான, இன்றைய பேச்சு வழக்கில் ‘பான் இந்தியா’ படம். முதலில் நினைத்திருந்த கதை கைவிடப்பட்ட பிறகு, விளம்பரத்தில் வந்துவிட்ட பெயருக்கு ஏற்ற வேறு கதையை வாசனின் ஜெமினி ஸ்டுடியோவின் கதை இலாகா தேடியது. வேப்பத்தூர் கிட்டு ஓர் ஆங்கில நாவலின் ஆரம்பக் காட்சியில் அதற்கான பொறியைக் கண்டெடுத்தார். பெயரும் விளம்பரமும் முந்திக்கொண்டன. கதை பிந்தியே வந்தது. ஆனால் வந்த பிறகு அதற்கு அதிகாரம் இருந்தது. கொத்தமங்கலம் சுப்பு உள்ளிட்ட சம்பள எழுத்தாளர்கள் உட்கார்ந்து விவாதிக்க நேரம் இருந்தது. படம் ஆண்டுக்கணக்கில் வளர்ந்தது. புகழ்பெற்ற முரசு நடனம் வெறும் அலங்காரம் கிடையாது. வில்லனை மணக்க நாயகி விதிக்கும் நிபந்தனை அந்த நடனம்; முரசுகளுக்குள் ஒளிந்திருக்கும் வீரர்கள் வெளியே பாய்வதோடு மீட்புத் திட்டம் செயலாகிறது. படத்தின் ஆகச் செலவான காட்சியே கதையின் ஆகத் தீர்மானமான திருப்பமாகவும் இருக்கிறது. கதை எப்போது எழுதப்பட்டது என்பதைவிட, எழுதப்பட்ட பிறகு மற்றவற்றை மாற்றும் உரிமை அதற்கு இருந்ததா என்பதே கேள்வி.

அந்த உரிமை எப்படிப் பறிபோனது என்பதைக் கடந்த பதினைந்து ஆண்டு ஹாலிவுட்டில் தெளிவாகப் பார்க்கலாம். 2014 அக்டோபர் 28 அன்று மார்வெல் நிறுவனம் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு விழா நடத்தி, 2019 வரை வரப்போகும் தன் படங்களின் பெயர்களையும் தேதிகளையும் ஒரே மேடையில் அறிவித்தது. தேதி என்பது திரையரங்குகளோடும் பொம்மை நிறுவனங்களோடும் முதலீட்டாளர்களோடும் செய்யும் வாக்குறுதி. வாக்குறுதி கொடுத்தாயிற்று, இனிமேல்தான் எழுத வேண்டும். அடுத்த கட்டம், சண்டைக் காட்சிகளைக் கணினியில் முன்கூட்டியே அசைவுப்படமாக வரைந்துகொள்ளும் முறை. நடிகர்கள் தளத்துக்கு வருவதற்குப் பல மாதங்கள் முன்பே, சில சமயம் இயக்குநர் முடிவாவதற்கு முன்பே, சண்டையின் போக்கு இதில் அமைந்துவிடுகிறது. அர்ஜென்டினா இயக்குநர் லுக்ரேசியா மார்த்தெல் 2018இல் மும்பையில் பேசியபோது, ‘பிளாக் விடோ’ படத்துக்காகத் தன்னைச் சந்தித்த மார்வெல் தரப்பினர், சண்டைக் காட்சிகளைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம், அவற்றை வேறு ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று சொன்னதைக் குறிப்பிட்டார். கடைசியில் அந்தப் படத்தை அவர் இயக்கவில்லை. ஒரு சண்டைக்குள் பாத்திரம் எடுக்கும் முடிவுதான் கதை என்றால், அந்தச் சண்டையை வேறொருவர் வேறோர் அறையில் முடித்து வைத்திருக்கும்போது இயக்குநரிடமும் எழுத்தாளரிடமும் எஞ்சுவது சண்டைகளுக்கு இடையிலான உரையாடல் மட்டுமே.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். மார்வெல் படங்களில் வரைகலையும் கடைசி நிமிடம்வரை மாறிக்கொண்டே இருக்கிறதே, ஓயாத திருத்தங்களாலும் நெருக்கடியான கெடுவாலும் வரைகலைக் கலைஞர்கள் களைத்துப்போய்க் குறைப்பட்டார்களே, மார்வெலின் சொந்த வரைகலைப் பணியாளர்கள் 2023 செப்டம்பரில் தொழிற்சங்கம் அமைக்க வாக்களித்தார்களே, அப்படியானால் காட்சிகள் இறுகிவிட்டன என்று எப்படிச் சொல்வது? மாறுவது எது என்று பிரித்துப் பார்த்தால் விடை கிடைக்கும். அசுரனின் உடல், வானத்தின் நிறம், கவசத்தின் வடிவம் ஆகியவை கடைசிவரை மாறும். இறுதி அரை மணி நேரத்தில் ஒரு மாபெரும் மோதல் இருந்தே ஆக வேண்டும் என்பது மாறாது. காட்சியின் தோற்றம் எவ்வளவு நெகிழ்ந்தாலும் அதன் இடம் அசையாது. மறு படப்பிடிப்பில் வசனத்தைச் சேர்த்து, ஒரு பாத்திரத்தின் நோக்கத்தைப் புதிதாக விளக்கி, அந்த மோதலுக்கு ஏதோ ஒரு நியாயம் கற்பித்துவிட வேண்டும். கலைஞர்களின் அவதியும் கதையின் அவதியும் ஒரே மூலத்திலிருந்து வருகின்றன: முடிவெடுக்க வேண்டிய நேரத்தில் எடுக்காமல், எடுக்கக் கூடாத நேரத்தில் எடுத்தது.

ஒரே படத்துக்குள் நடக்கும் இந்த வளைத்தல் தொடர் படங்களில் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஸ்டார் வார்ஸ் வரிசை நல்ல பாடம். டிஸ்னி 2012இல் லூகாஸ் பிலிமை ஏறத்தாழ 405 கோடி டாலருக்கு வாங்கியது. 2015, 2017, 2019 ஆகிய ஆண்டுகளில் மூன்று படங்கள் வந்தன. மூன்றுக்கும் பொதுவான, முன்பே தீர்மானித்த கதைப்போக்கு இருக்கவில்லை. முதல் படத்தில் ஜே. ஜே. ஏப்ரம்ஸ், நாயகி ரேயின் பெற்றோர் யார் என்ற புதிரை வைத்தார். இரண்டாவது படத்தில் ரையன் ஜான்சன், அவர்கள் யாரோ பெயரில்லாத எளியவர்கள் என்று விடை சொன்னார். பிறப்பால் வராத வீரம் என்பது அந்தப் படத்தின் மையக் கருத்தாகவும் ஆனது. மூன்றாவது படத்துக்கு முதலில் நியமிக்கப்பட்ட இயக்குநர் 2017இல் விலக, ஏப்ரம்ஸ் திரும்பி வந்து, ரே பழைய பேரரசனின் பேத்தி என்று மாற்றினார். முன்பே இறந்த அந்தப் பேரரசன் எப்படித் திரும்பினான் என்பதற்குப் படத்தில் ஒழுங்கான விளக்கம் இல்லை. அவன் திரும்பியதை உலகுக்கு அறிவிக்கும் செய்தி ஒலித்தது ‘போர்ட்நைட்’ என்ற வீடியோ கேமில். தனித்தனியாக எடுத்தால் ஒவ்வொரு முடிவுக்கும் ஒரு நியாயம் சொல்லிவிடலாம். சேர்த்துப் பார்த்தால், ஒரு படத்தில் பாத்திரம் பட்ட பாட்டை அடுத்த படம் ரத்து செய்கிறது. பட்ட பாடு செல்லாது என்று தெரிந்த பிறகு பார்வையாளர் எதற்காகப் பதற வேண்டும்?

எதிர்த் திசையில் நடந்த ஒன்றும் பதிவில் இருக்கிறது. பிராட் பிட் நடித்த ‘வேர்ல்டு வார் இசட்’ 2012 டிசம்பரில் வந்திருக்க வேண்டிய படம். மாஸ்கோவில் நடக்கும் மாபெரும் போர்தான் அதன் உச்சக்கட்டம். புடாபெஸ்டில் பெரும் செலவில் எடுத்தும் முடித்திருந்தார்கள். தொகுத்துப் பார்த்தபோது அது வேலை செய்யவில்லை. மனைவி மக்களுக்காக உலகம் சுற்றும் ஒரு மனிதனின் கதை, அடையாளமற்ற கூட்டத்தை வெட்டிச் சாய்ப்பதில் கரைந்துபோயிருந்தது. டேமன் லிண்டெலாஃப், ட்ரூ காடர்ட் ஆகிய எழுத்தாளர்களை அழைத்து இறுதிப் பகுதியைப் புதிதாக எழுதச் செய்து, எடுத்த போரைக் கழித்துப்போட்டார்கள். புதிய முடிவு வேல்ஸில் உள்ள ஓர் ஆய்வுக்கூடத்தின் தாழ்வாரங்களில் நடக்கிறது: ஒரு மனிதன், ஒரு கதவு, தன் உடலில் நோயை ஏற்றிக்கொள்ளலாமா என்ற ஒரு முடிவு. 2013 ஜூனில் வெளியான படம் உலகெங்கும் சுமார் 54 கோடி டாலர் வசூலித்தது. அதை மகத்தான படம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனாலும் தேதியும் செலவும் கதைக்கு வழிவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனை கிடைப்பது கடினம்.

தமிழில் இந்த இறுக்கம் வேறு வழியில் வந்து சேர்ந்தது. இங்கே பெரிய படம் என்பது நட்சத்திரத்தின் கால்ஷீட்டிலிருந்து தொடங்குகிறது. அவருடைய பெயரை வைத்தே ஓடிடி, சாட்டிலைட், ஆடியோ, இந்தி டப்பிங், வெளிநாட்டு உரிமைகள் பேசப்படுகின்றன. போட்ட பணத்தில் கணிசமான பகுதி படம் வெளிவருவதற்கு முன்பே இந்த வழிகளில் திரும்பிவிடுமாறு கணக்குப் போடப்படுகிறது. அதற்கு ஈடாகப் பண்டிகைத் தேதி ஒன்று உறுதியாகிறது. வேற்று மொழிச் சந்தைக்காக அந்தந்த மாநிலத்து நடிகர் ஒருவர் சேர்க்கப்படுகிறார். நாயகனின் இன்ட்ரோ, இன்டர்வெல் பிளாக், கடைசியில் ஒரு கேமியோ, இரண்டாம் பாகத்துக்கான லீட் ஆகிய இடங்கள் கதை விவாதம் தொடங்கும்போதே குறிக்கப்பட்டிருக்கும். எழுத்தாளர்கள் அறையில் செய்யும் வேலை, இந்த இடங்களுக்கு நடுவே பாலம் போடுவது. பாலம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் பயணம் எங்கிருந்து எங்கே என்பதைத் தீர்மானிக்கும் உரிமை அவர்களுக்குக் கிடையாது.

இதை ஒரே பாத்திரத்தின் இரண்டு படங்களைக் கொண்டே அளந்து பார்க்க முடியும். ஷங்கர் இயக்கத்தில் கமல் ஹாசன் நடித்த ‘இந்தியன்’ 1996 மே மாதத்தில் வந்தது. அதுவும் தன் காலத்தின் பெரும் பொருட்செலவுப் படம்தான். இந்தியிலும் தெலுங்கிலும் வெளியானது. வரைகலைப் பாடல், செயற்கை முக ஒப்பனை, நேதாஜியின் படையைக் காட்டும் பிளாஷ்பேக் என்று பிரம்மாண்டத்துக்குக் குறைவில்லை. ஆனால் அந்த பிளாஷ்பேக்கே நாயகன் சேனாபதியின் விட்டுக்கொடுக்காத குணத்துக்குக் காரணம் சொல்கிறது. லஞ்சம் தர மறுத்ததால் மகள் சிகிச்சையின்றி இறக்கிறாள்; அதிலிருந்து அவர் கத்தியை எடுக்கிறார். மகன் லஞ்சம் வாங்கிக்கொண்டு ஓட்டை பஸ்ஸுக்குச் சான்று தர, பள்ளிக் குழந்தைகள் மடிகிறார்கள். அதுவரை அந்நியர்களுக்கு அவர் விதித்த தண்டனை இப்போது வீட்டுக்குள் வந்து நிற்கிறது. மகனைக் கொல்லும் முடிவுக்கு முன்னால் படத்தில் வந்த ஒவ்வொரு காட்சியும் அவரை அங்கே தள்ளிக்கொண்டு வருகிறது. எதை எடுத்தாலும் முடிவின் கனம் குறைந்துவிடும்.

28 ஆண்டுகள் கழித்து, 2024 ஜூலையில் வந்த ‘இந்தியன் 2’ படத்திலும் ஒரு வலுவான கதைக்கரு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். சேனாபதியின் சொல்லைக் கேட்டுத் தன் தந்தையின் ஊழலை அம்பலப்படுத்தும் இளைஞன், அதன் விளைவாகத் தாயை இழக்கிறான். முதல் படத்தில் தந்தை மகனைத் தண்டித்தார். இங்கே மகன் தந்தையைத் தண்டித்து, அதற்கு விலை கொடுக்கிறான். இதை மையத்தில் வைத்திருந்தால் முதல் படத்தையே கேள்விக்கு உட்படுத்தும் துணிச்சலான படம் கிடைத்திருக்கும். நடந்தது வேறு. விபத்து, பெருந்தொற்று, வழக்கு என்று ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இழுத்த தயாரிப்பில் எடுத்த காட்சிகள் மிகுந்துபோக, படத்தொகுப்பின் கட்டத்தில் அது இரண்டு படங்களாகப் பிரிக்கப்பட்டது. பல மாநிலங்களில் நடக்கும் தண்டனைக் காட்சிகள் முக்கால் படத்தை எடுத்துக்கொள்ள, அந்த இளைஞனின் துயரம் கடைசியில் வந்து, விளைவுகளை மூன்றாம் பாகத்துக்கு ஒத்திவைத்து முடிகிறது. வெளியான சில நாட்களில் சுமார் 12 நிமிடம் வெட்டப்பட்டது. வெட்டியதால் கதையில் எதுவும் அறுந்துபோகவில்லை. அதே ஆண்டு நவம்பரில் வந்த ‘கங்குவா’வும் இதே அளவுக்கு வெட்டுப்பட்டது. சத்தம் தாங்கவில்லை என்ற புகார்களைத் தொடர்ந்து திரையரங்குகளில் ஒலியளவைக் குறைக்குமாறு தயாரிப்புத் தரப்பே கேட்டுக்கொண்டது. 2023இல் வந்த ‘லியோ’வின் பிளாஷ்பேக் உண்மையாக இல்லாமலும் இருக்கலாம் என்ற முக்கியமான விளக்கம் திரையில் வராமல், வெளியீட்டுக்குப் பிறகு இயக்குநரின் பேட்டியில் வந்தது. வீடியோ கேமில் ஒலித்த பேரரசனின் குரலுக்கும் இதற்கும் பெரிய வேறுபாடு இல்லை. கதையின் ஒரு பகுதி படத்துக்கு வெளியே போய்விட்டது.

ரசிகர்கள் இதைத்தான் விரும்புகிறார்கள், வசூலே சாட்சி என்பது தயாரிப்பாளர்கள் தரப்பில் வழக்கமாக வரும் பதில். வசூலை வைத்துக் கதைசொல்லலை நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது என்பதே நேர்மையான நிலை. ‘லியோ’ பெரும் வசூல் ஈட்டியது. ஸ்டார் வார்ஸின் மூன்றாவது படம் 100 கோடி டாலரைத் தாண்டியது. ஆனால் முதல் வார வசூல் பெயருக்கும் எதிர்பார்ப்புக்கும் கிடைப்பது. டிக்கெட் எடுக்கும்போது யாருக்கும் கதை தெரியாது. கதையின் விளைவு அடுத்த வாரத்திலும் அடுத்த படத்திலும் தெரியும். ஸ்டார் வார்ஸ் மூன்று படங்களின் உலக வசூல் ஏறத்தாழ 207 கோடி, 133 கோடி, 107 கோடி டாலர் என்று இறங்கியது. அதன் பிறகு 2025 முடியும்வரை அந்த வரிசையில் ஒரு படம்கூடத் திரையரங்குக்கு வரவில்லை. மார்வெலின் 2023ஆம் ஆண்டுப் படமான ‘தி மார்வெல்ஸ்’ சுமார் 20 கோடி டாலரோடு அந்நிறுவனத்தின் சூப்பர்ஹீரோ வரிசையிலேயே மிகக் குறைந்த வசூலைப் பெற்றது. மறுபக்கம், 2024இல் வந்த ‘மகாராஜா’வை எண்ணிப் பார்க்கலாம். காவல் நிலையத்துக்குப் போய்க் குப்பைத்தொட்டி காணோம் என்று புகார் தரும் ஒரு சலூன்காரரின் கதை. முன்பாதியில் சிரிப்புக்கு உரியதாக வந்த ஒவ்வொரு விவரமும் பின்பாதியில் வலியாகத் திரும்பி வருகிறது. எளிய செலவில் எடுத்த அந்தப் படம் 100 கோடி ரூபாயைத் தாண்டி, அதே ஆண்டு சீனத் திரையரங்குகளுக்கும் சென்றது. எல்லை கடக்கக் கேமியோ தேவைப்படவில்லை.

இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது. காரண காரியத் தொடர்ச்சி என்பது மேலை நாடக மரபின் அளவுகோல். கூத்தும் பாட்டும் சண்டையும் நகைச்சுவையும் கலந்த நம் சினிமாவை அதை வைத்து அளக்கலாமா? ஆரம்பகால சினிமாவே கதையைவிடக் கவர்ச்சிக் காட்சிகளை நம்பியது என்று டாம் கன்னிங் எழுதினார். பாட்டும் இடைவேளையும் தணிக்கையும் கதையை இடைமறிப்பதே இந்தியப் படங்களின் தனித்த அமைப்பு என்று லலிதா கோபாலன் ஒரு நூலே எழுதியிருக்கிறார். இந்த வாதத்தின் வலிமையை ஏற்றுக்கொண்டே ஒன்று சொல்ல வேண்டும்: இடைமறிப்பதற்கு முதலில் ஏதாவது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இரவு முழுவதும் நடக்கும் தெருக்கூத்தில் கட்டியங்காரன் எவ்வளவு நேரம் கேலி பேசினாலும் திரௌபதியின் சபதம் சபதமாகவே நிற்கிறது. ‘சந்திரலேகா’வின் நடனம் அந்தக் கூத்து மரபிலிருந்து விலகாமலே கதைத் திருப்பமாகவும் ஆனது. காட்சிப் பெருக்கத்துக்கும் கதைக்கும் இயல்பான பகை கிடையாது. வசனம் மிகக் குறைந்த ‘மேட் மேக்ஸ்: ஃப்யூரி ரோடு’ ஏறத்தாழ 3,500 ஓவியங்களாக முதலில் வரையப்பட்டது, அதில் ஒவ்வொரு துரத்தலும் யார் யாரை நம்புவது என்ற கேள்விக்குப் பதில் சொல்கிறது. வரைந்தவர்களும் எழுதியவர்களும் ஒரே குழுவாக இருந்தார்கள் என்பதுதான் வேறுபாடு.

எல்லாக் காலத்திலும் முதியவர்கள் இப்படித்தான் புலம்புவார்கள் என்பது மூன்றாவது மறுப்பு. 1963இல் வந்த ‘கிளியோபாட்ரா’ ஒரு பெரிய ஸ்டுடியோவைத் திவாலின் விளிம்புக்குத் தள்ளிய படம். 1980இன் ‘ஹெவன்ஸ் கேட்’ யுனைட்டட் ஆர்ட்டிஸ்ட்ஸைக் கவிழ்த்தது. பழைய குப்பைகள் மறந்துபோய் நல்லவை மட்டும் நினைவில் நிற்கின்றன என்பதும் உண்மை. டேவிட் போர்ட்வெல் போன்ற ஆய்வாளர்கள், வெட்டுகள் எவ்வளவு வேகமானாலும் ஹாலிவுட்டின் செவ்வியல் கதையமைப்பு அடிப்படையில் தொடர்கிறது என்று 2006இல் வாதிட்டார்கள். இந்தக் கட்டுரை பழையவை அனைத்தும் நல்லவை என்று சொல்லவில்லை. அந்தக் காலத்துத் தோல்விகள் பெரும்பாலும் ஒரு மனிதரின் மிதமிஞ்சிய பிடிவாதத்தால் வந்தவை. அவை விதிவிலக்குகளாக இருந்தன. இன்று கதை வளைவது யாருடைய பிடிவாதத்தாலும் நடக்கவில்லை. திட்டமிட்டபடி, அட்டவணைப்படி, ஒப்பந்தப்படி நடக்கிறது. போர்ட்வெல் எழுதியது மார்வெலின் முதல் படத்துக்கு முந்தைய நிலவரம் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

அப்படியானால் பெரும் பணம் இருக்கும் இடத்தில் நல்ல கதைக்கு வழியே இல்லையா? உண்டு, விதிவிலக்குகள் அதைக் காட்டுகின்றன. ‘பாகுபலி’யும் இரண்டு பாகங்களாகத்தான் வந்தது. பாகுபலியைக் கட்டப்பா ஏன் கொன்றான் என்ற கேள்வியில் 2015இல் நின்ற கதைக்கு 2017இல் கிடைத்த விடை, அரியணைக்கு அடிமை என்ற கட்டப்பாவின் சபதத்திலும், தன் சொல்லே சட்டம் என்ற சிவகாமியின் அகந்தையிலும் முதல் பாகத்திலேயே ஊன்றப்பட்டிருந்தது. அந்தப் பிரிவு எழுத்தில் நடந்தது, தொகுப்பறையில் அன்று. ஜப்பானின் ‘காட்ஸில்லா மைனஸ் ஒன்’ படத்தைத் தகாஷி யமசாகி எழுதி, இயக்கி, வரைகலையையும் தானே மேற்பார்வையிட்டார். தற்கொலைப் படையிலிருந்து உயிருக்கு அஞ்சித் தப்பிய ஒரு விமானியின் குற்றவுணர்ச்சி அதன் மையம். ஒன்றரைக் கோடி டாலருக்கும் குறைவாகச் செலவானதாகச் சொல்லப்பட்ட அந்தப் படம், 2024இல் சிறந்த வரைகலைக்கான ஆஸ்கரைப் பல மடங்கு செலவான ஹாலிவுட் படங்களோடு போட்டியிட்டு வென்றது. இந்தப் படங்களுக்குப் பொதுவான அம்சம் செலவின் அளவு இல்லை. கதையைத் தீர்மானிப்பவரும் காட்சியைத் தீர்மானிப்பவரும் ஒருவராகவோ ஒரே குழுவாகவோ இருந்தார்கள். தேதியைத் தள்ளவும் காட்சியைக் கழிக்கவும் அவர்களால் முடிந்தது.

ஆகவே தீர்வும் அமைப்பு சார்ந்ததாகவே இருக்க முடியும். கூடுதல் எழுத்தாளர்களை அமர்த்துவதால் பயன் இல்லை. ஒரே படத்துக்குப் பத்துப் பேர் எழுதி, எவருக்கும் முடிவெடுக்கும் உரிமை இல்லாத நிலை ஏற்கெனவே இருக்கிறது. திரைக்கதையின் முழு வடிவம் கைக்கு வரும்வரை வெளியீட்டுத் தேதியை அறிவிக்காமல் இருப்பது, இரண்டு பாகமா என்பதை எழுத்தின் கட்டத்திலேயே முடிவு செய்வது, சண்டையை வடிவமைப்பவர்களை எழுத்தாளரோடு ஒரே மேசையில் உட்கார வைப்பது, தொகுப்பு முடியும்வரை எழுத்தாளரைச் சம்பளத்தோடு படத்தில் வைத்திருப்பது ஆகியவை செய்யக்கூடியவை. பெரிய படம் ஒன்றின் செலவில் இவற்றுக்கு ஆகும் தொகை மிகச் சிறியது. 75 ஆண்டுகளுக்கு முன்பு ஜெமினியால் நிரந்தரச் சம்பளத்தில் ஒரு கதை இலாகாவை நடத்த முடிந்தது என்றால், நூற்றுக்கணக்கான கோடிகளில் படமெடுக்கும் நிறுவனங்களால் முடியாது என்பதை ஏற்க முடியாது. கதையை மாற்றுவது மலிவு என்ற கணக்கு தவறானது. அந்த மலிவின் விலையைப் படம் வெளியான பிறகு பார்வையாளர் கொடுக்கிறார். அவர் கொடுக்க மறுக்கும் நாளில் தயாரிப்பாளர் கொடுக்கிறார்.